முப்பது வயதுக் காரை டிராக்குக்குக் கொண்டுபோகலாமா?

நீங்கள் கேட்டது இது: முப்பது வருடம் ஓடிய, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கையில் இருக்கிறது. மேற்கூரை திறக்கும் வகை, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. அதை டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, கொண்டுபோக ஆசை. எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், சஸ்பென்ஷன், இதில் எதை முதலில் மாற்றுவது? மேலோட்டமாகப் பார்த்தால் சாமான் பட்டியல் கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "அதே காரில்தான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், வேறு கார் இல்லை." உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதனால் காரின் வேகத்தைக் கூட்டுவது பற்றி இந்தப் பதிலில் ஏறக்குறைய எதுவும் இருக்காது.

நான் பந்தய வீரன் இல்லை. பதினெட்டு வருடமாக இந்த மாதிரிப் பழைய கார்களை டிராக்கில் ஓட்டுகிறேன். அதில் பாதிக் காலம், புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் காரை நான் பார்க்கவில்லை, எனவே அது டிராக்குக்குத் தகுதியா இல்லையா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஜாக்கியில் ஏற்றி அடியில் படுத்துப் பார்க்கிற ஒரு மெக்கானிக்தான் அதைச் சொல்ல முடியும். அவரிடம் எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும், அப்புறம் நீங்கள் எப்படி ஓட்ட வேண்டும், இந்த இரண்டுக்கும் என்னால் பதில் சொல்ல முடியும்.

சாலைக்கும் டிராக்குக்கும் வித்தியாசம் வேகம்தான் என்று பொதுவாக நினைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் உங்கள் கார் நல்ல வேகத்தை ஏற்கெனவே பார்த்திருக்கும். அது பார்க்காதது சூடு. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். உங்களையும் சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள கார், மணிக்கு 150 கிலோமீட்டரிலிருந்து 60க்கு இறங்கினால் சுமார் 730 கிலோஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். காற்றும் எஞ்சினும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாக இறங்கும், அதிலும் பெரும்பங்கு முன் பிரேக்கில். சாதாரணமாக இருக்கிற இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது. ஊருக்குள் 60இல் வந்து சிக்னலில் நிற்கும்போது உண்டாவது அதில் ஐந்தில் ஒரு பங்குதான், அப்புறம் ஆறுவதற்கு நேரமும் இருக்கிறது. டிராக்கில் ஒரு லேப்புக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, நான்கைந்து முறை இது நடக்கும், இருபது நிமிடம் விடாமல். எஞ்சின், கியர் பாக்ஸ், டயர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பழைய கார் டிராக்கில் படுத்துவிடுகிறது என்றால் அநேகமாக அது சூட்டைத் தாங்க முடியாமல் படுத்திருக்கும்.

ஆகவே முதல் செலவு பிரேக் ஆயிலுக்கு. செலவிலேயே சின்னது இதுதான், ஆனால் எல்லோரும் விட்டுவிடுவதும் இதைத்தான். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் என்பது ஆயிலின் தரக்குறியீடு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. நான்கு சதவீதத்தை நெருங்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதற்குக் கேட்கப்படும் தாங்குதிறன் 155 டிகிரிதான். பழைய டாட் 3 ஆயிலுக்கு இந்த எண்கள் 205, 140. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். விளைவு, பெடல் தரை வரை போகும், கார் நிற்காது.

எனக்கே அது நடந்திருக்கிறது. என் மூன்றாவது டிராக் டே. ஆயில் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது, இரண்டு வருடம்தானே ஆகிறது என்று விட்டுவிட்டேன். ஆறாவது லேப்பில் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பெடலை மிதித்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. பதற்றத்தில் மறுபடி மறுபடி மிதித்ததில் கொஞ்சம் அழுத்தம் திரும்பி வந்தது. கார் பாதை ஓரத்தில் கொட்டியிருக்கும் சரளைக்குள் போய் நின்றது. எதிலும் மோதவில்லை, அது என் சாமர்த்தியம் இல்லை, அந்த இடத்தில் சரளை அகலமாக இருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து டிராக் டேக்கு முந்தைய வாரம் புது டாட் 4 அல்லது டாட் 5.1 ஆயில் மாற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஒவ்வொரு முறையும் மாற்றத்தான் வேண்டுமா என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். ஆனால் எத்தனை வருடமாக உள்ளே இருக்கிறது என்று தெரியாத ஆயிலோடு போகக்கூடாது என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஒரு எச்சரிக்கை: டாட் 5 என்று மட்டும் போட்டிருப்பது சிலிக்கான் வகை, வேறு சாதி. எண் கூடினால் நல்லது என்று நினைத்து அதை வாங்கி மற்றதோடு கலந்துவிடாதீர்கள்.

பிரேக் இன்னொரு விதமாகவும் கைவிடும். பெடல் கல் மாதிரி இறுக்கமாகவே இருக்கும், ஆனால் கார் வேகம் குறையாது. அப்படியென்றால் ஆயில் கொதிக்கவில்லை, பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே போகிறதா, இறுகியே இருக்கிறதா என்பதைக் காலால் பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதல் நாளுக்கு முழுப் பந்தய பேட் தேவையில்லை. அவற்றில் பல குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, அதே காரில் வீட்டுக்குத் திரும்பப் போகிற உங்களுக்கு அது ஆகாது. சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான நடுத்தர பேட் போதும். போட்ட கையோடு டிராக்கில் இறங்காமல், முன்பே தயாரிப்பாளர் சொன்னபடி சாலையில் பிரேக் போட்டுப் போட்டுப் பதப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய காரில், பேட்டைத் தாங்கி அழுத்தும் காலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும், ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். அவற்றைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த பேட் போடுவது கிழிந்த குடைக்குப் புதுக் கைப்பிடி போடுவது மாதிரி.

அடுத்தது டயர். ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. மூன்று எண் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், அதைப் பத்திரமாகக் கழற்றிக் கண்காட்சியில் வையுங்கள். அதிகம் ஓடாத பழைய கார்களில் பட்டன் ஆழமாகவே இருக்கும், ரப்பர் மட்டும் மரக்கட்டை ஆகியிருக்கும், கண்ணால் பார்த்தால் தெரியாது. அழுத்தத்தைப் பொறுத்தவரை, சூடேறினால் 5, 6 பி.எஸ்.ஐ. கூடிவிடுவது சாதாரணம். எனவே காலையில் குளிர்ந்திருக்கும்போது பிடித்த அளவு ஒரு தொடக்கம்தான். ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும், டயர் ஆறுவதற்குள் அளந்து, கூடியிருந்தால் கொஞ்சம் காற்றை வெளியேற்றி, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த எண் சரி என்பது காரையும் டயரையும் பொறுத்தது. அதே கார் வைத்திருக்கும் அனுபவசாலி சொல்கிற எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள்.

பிடிப்பு அதிகமான பந்தய வகை டயர் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதில் இரண்டு கட்சி உண்டு. நான் வேண்டாம் என்கிற கட்சி. சாதாரண நல்ல சாலை டயர் எல்லையை நெருங்கும்போது கீச்சிடும், மெதுவாக வழுக்கும், அதாவது முன்கூட்டியே சொல்லிவிட்டு வழுக்கும். பந்தய டயரின் எல்லை உயரத்தில் இருக்கிறது, அதைத் தாண்டினால் விடுவதும் திடீரென்று. அதோடு அந்தக் கூடுதல் பிடிப்பின் சுமையெல்லாம் முப்பது வயதான வீல் பேரிங் மீதும் பால் ஜாயின்ட் மீதும்தான் விழும்.

எஞ்சின் பக்கம் வந்தால், குளிர்விப்பு முதலில். ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக் என்றால் அதன் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தது பழுப்பாக மாறியிருந்தால் எப்போது வேண்டுமானாலும் விரிசல் விடும். ஹோஸ்களைக் கையால் அமுக்கினால் நொறுங்குகிற சத்தமோ பஞ்சு மாதிரித் தளர்வோ இருக்கக்கூடாது. பல கார்களில் டெம்பரேச்சர் முள், சூடு கணிசமாகக் கூடினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது நகர ஆரம்பித்தால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, மெதுவாக உள்ளே வந்துவிடுங்கள். கோடைக்காலத்தில் ஹீட்டரா என்று தோன்றும், ஆனால் அது ஒரு சின்ன ரேடியேட்டர்தான். எஞ்சின் ஆயில் மேல்கோடு வரை இருக்கட்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், மட்டம் குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அந்தச் சில நொடிகளில் பேரிங் போய்விடும். பெட்ரோலும் அப்படித்தான், பாதி டேங்குக்குக் கீழே விட வேண்டாம்.

எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். போர்ஷே 944 மாதிரிக் காரில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே கெட்டுவிடும். முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5இன் 1.6 லிட்டர் எஞ்சினில் அறுந்தால் அவை மோதுவதில்லை, வண்டி நின்றுபோவதோடு சரி. உங்கள் எஞ்சின் எந்த வகை என்பதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள், அதற்கேற்ற பயம் போதும்.

அடியில் பார்க்க வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சஸ்பென்ஷன் பொருத்தியிருக்கும் இடங்களிலும் சீட் பெல்ட் பிடிக்கும் இடங்களிலும் துரு இருந்தால் டிராக் எண்ணத்தையே தள்ளிப்போடுங்கள், இதில் சமரசம் கிடையாது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. பேட்டரி இறுக்கமாக இருக்க வேண்டும். காலடி மேட், ஸ்டெப்னி, டிக்கியில் கிடக்கும் ஸ்பேனர், தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே. பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு வந்த பாட்டிலை நான் ஒரு முறை பக்கத்து இருக்கையிலிருந்து குனிந்து எடுத்திருக்கிறேன், அந்த அனுபவம் உங்களுக்கு வேண்டாம். வீல் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் மறுபடி பாருங்கள்.

உங்கள் கார் மேற்கூரை திறக்கும் வகை என்பதால் உருண்டால் தலையைக் காக்கும் ரோல் பார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இல்லாத திறந்த காரைப் பல ஏற்பாட்டாளர்கள் உள்ளேயே விடமாட்டார்கள். உங்கள் காரில் அது இருந்தாலும் ஒரு சோதனை செய்துபாருங்கள்: ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நேரான குச்சியை வைத்தால் அது ஹெல்மெட்டில் இடிக்கக்கூடாது. இடித்தால், கார் கவிழும்போது தரையில் முதலில் படுவது உங்கள் தலைதான். ஹெல்மெட் வாங்கும்போது, ஸ்நெல் என்ற சோதனை அமைப்பின் முத்திரையில் எஸ்.ஏ. என்று இருப்பது கார் பந்தயத்துக்கானது, உள்துணி தீப்பற்றாத சோதனை அதற்கு உண்டு. எம் என்று இருப்பது மோட்டார் சைக்கிளுக்கானது, அதற்கு அந்தச் சோதனை கிடையாது. எதை ஏற்பார்கள் என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பந்தய வகைத் தோள் பட்டைகளை மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளும் ஆசை பலருக்கு வரும், படத்தில் நன்றாக இருக்கும். அவை உடலை நிமிர்த்தியே கட்டிவைத்துவிடும். மேலே ஒழுங்கான ரோல் பார் இல்லாமல் அப்படிக் கட்டிக்கொள்வது, சாதாரண மூன்று முனை பெல்ட்டை விட ஆபத்தாக முடியலாம். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை இல்லாத நான்கு முனை வகையில், மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் சறுக்கிவிடும் அபாயமும் உண்டு. முதல் வருடம் நல்ல நிலையில் உள்ள மூன்று முனை பெல்ட்டே போதும்.

சரி, கார் தயார். ஓட்டுவது? கார் வழுக்க ஆரம்பித்தால் தானாகவே பிரேக் பிடித்துத் திருத்தும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு முதன்முதலில் 1995இல்தான் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது, அதுவும் அந்தக் காலத்தின் விலை உயர்ந்த காரில். உங்கள் காரில் அது இருக்க வாய்ப்பே இல்லை. ஏபிஎஸ்ஸும் இல்லை என்கிறீர்கள். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். புதுக் கார் உங்கள் தவறை நீங்கள் அறியாமலே திருத்திவிடும், நீங்களும் நன்றாக ஓட்டியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். பழைய கார் ஒவ்வொரு தவறையும் ஸ்டீயரிங் வழியாகவும் இருக்கை வழியாகவும் உங்களிடம் சொல்லும். வேகம் குறைவு என்பதால் அதைக் கேட்க நேரமும் கிடைக்கும். புதுக் கார் வாங்கிவிடலாமா என்ற உங்கள் இன்னொரு கேள்விக்கு இதுதான் என் பதில்.

முதலில் உட்காரும் விதம். முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கிளட்சை முழுதும் மிதித்த பிறகும் முழங்காலில் கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வீட்டில் சாய்வு நாற்காலியில் இருப்பது போலத் தள்ளி உட்காருகிறார்கள், வளைவில் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குகிறார்கள். தொங்குகிற கைக்கு டயர் என்ன சொல்கிறது என்று தெரியாது.

அப்புறம் கண். பக்கத்து இருக்கையில் நான் அதிகம் சொன்ன ஒரே வார்த்தை "தூரத்தைப் பாருங்கள்" என்பதுதான். புதியவர்கள் பானட்டுக்கு முன்னால் இருக்கிற இருபது மீட்டரையே பார்ப்பார்கள். பிரேக் போடும்போதே வளைவின் உள்ஓரத்தைப் பார்க்க வேண்டும், அதைத் தொடும் முன்பே கண் வெளியேறும் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். கண் போகிற இடத்துக்குக் கை தானாகத் திருப்பும். கார் வழுக்கும்போது சுவரைப் பார்த்தால் சுவருக்குத்தான் போவீர்கள்.

பிரேக்கை நேர்கோட்டில் முடித்துவிடுங்கள். ஒரு டயரின் பிடிப்பு ஒரே கையிருப்பு மாதிரி, அதைப் பிரேக்குக்குச் செலவிட்டால் திருப்புவதற்கு மிச்சம் குறையும். வளைவின் உள்ஓரத்தை நீங்கள் நினைப்பதை விடக் கொஞ்சம் தாமதமாகத் தொடுங்கள். அப்போது வெளியேறும்போது பாதை அகலமாகக் கிடைக்கும், தவறு செய்தாலும் இடம் இருக்கும். ஏபிஎஸ் இல்லாத காரில் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் வேலை செய்யாது. காலை முழுதும் எடுக்காமல், சக்கரம் மறுபடி உருளும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள்.

பழைய கார்க்காரர்கள் அதிகம் சுழல்வது ஒரே காரணத்தால்தான்: வளைவுக்குள் வேகம் அதிகம் என்று பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுப்பது. எடுத்தவுடன் எடை முன்னுக்குப் போகும், பின் டயர்கள் லேசாகும், பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். எஞ்சின் பின்னால் இருக்கும் கார்களில் இது இன்னும் கடுமை. எனவே வளைவுக்கு முன்பே வேண்டிய அளவை விடக் குறைவான வேகத்துக்கு வந்துவிடுங்கள், உள்ளே காலை மென்மையாக வைத்திருங்கள். கார் சுழன்றே விட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுதாக மிதித்து அப்படியே பிடித்திருங்கள். பாதியில் விட்டால் கார் எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே காலால் மிதித்துக் கியர் இறக்கும் வித்தை இப்போதைக்கு வேண்டாம், சாலையில் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதிவு செய்யும்போது புதியவர்கள் குழுவில் சேருங்கள், பயிற்றுநர் கேளுங்கள். எக்ஸாஸ்ட்டுக்குச் செலவிட நினைத்த பணம் அதற்குப் போகட்டும். காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள், கொடிகளின் பொருளும் முந்தும் விதிகளும் அங்கேதான் சொல்லப்படும். புதியவர்கள் குழுவில் முந்துவது பெரும்பாலும் நேர்ப்பாதையில், முன்னால் போகிறவர் கை காட்டிய பிறகு மட்டுமே. வேகமாக வருகிறவருக்கு வழி விடுவதில் எந்த அவமானமும் இல்லை. உங்கள் சாலைக் காப்பீடு டிராக்கில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலான பாலிசிகளில் செல்லாது. இணையத்தில் பார்த்து மயங்கி முதல் நாளே ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 1927இல் திறந்த 20.8 கிலோமீட்டர் பாதை அது. ஓடிவிலக இடம் குறைவு, ஒரு வளைவை மறுபடி பார்ப்பதற்குள் அதை மறந்தே போவீர்கள். சின்ன, அகலமான, ஓரத்தில் வெற்றிடம் உள்ள பாதைதான் கற்றுக்கொடுக்கும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசி லேப்பைப் பிரேக்கைத் தொடாத அளவுக்கு மெதுவாக ஓட்டுங்கள், எல்லாம் ஆறட்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூடான டிஸ்க்கைப் பேட் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் பேட்டின் பொருள் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். நீங்கள் தண்ணீர் குடியுங்கள். கடைசி ஓட்டத்தை விட்டுவிடலாமா என்று மனதில் தோன்றினால் விட்டுவிடுங்கள். களைப்பில், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று போகிற நேரத்தில்தான் நான் பார்த்த பல விபத்துகள் நடந்தன.

கிளம்பும் முன் வீல் நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள். பகலில் சூட்டில் டயரிலிருந்து வெளியேற்றிய காற்றை, டயர் ஆறிய பிறகு சாலைக்கான அளவுக்கு மறுபடி நிரப்புங்கள். ஆயில் மட்டம், கூலன்ட் மட்டம், பேட்டில் மிச்சமிருக்கும் தடிமன் மூன்றையும் பாருங்கள். முதல் சில கிலோமீட்டர் ரேடியோ இல்லாமல் மெதுவாக ஓட்டுங்கள். காலையில் இல்லாத சத்தம் ஏதாவது கேட்டால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.